தோற்ற செஸ் ஆட்டத்தை அலசும்போது செய்யக்கூடாத தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சேலம் போய்ப் போட்டி ஆடிவிட்டு வருகிறவர்களைப் பஸ்ஸில் பார்த்தால் தெரியும், வண்டி தொப்பூர் கணவாய் ஏறுவதற்குள் மொபைலை எடுத்து, தோற்ற ஆட்டத்தை எஞ்சினில் (ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரல்) போட்டு, சிவப்பாகக் காட்டுகிற மூவை, அதாவது காய் நகர்த்தலை, மட்டும் பார்த்து, "ச்சே, இது தெரியாமப் போச்சே" என்று மூடி வைத்துவிடுவார்கள். அடுத்த போட்டியில் அதே மாதிரி இன்னொரு தோல்வி வரும்.

எஞ்சின் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காயை நகர்த்தும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும், அதுவும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி மறந்துபோகும். அதனால் எஞ்சினைத் திறக்கும் முன்பே ஆட்டத்தைப் பலகையில் ஒருமுறை ஓட்டி, குழப்பமான இடங்களில் "இங்கே எதற்குப் பயந்தேன், என்ன திட்டம் போட்டேன்" என்று நோட்டில் கிறுக்கி வையுங்கள். நம் பக்கம் நிறையப் போட்டிகள் ராபிட் என்ற குறைந்த நேர ஆட்டம்தான், ராபிட்டில் மூவ்களை எழுதியே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது, அதனால் யாரும் எழுதுவதில்லை. அன்று சாயங்காலமே நினைவிலிருந்து எழுதிவிடுங்கள், முதல் இருபது மூவ் வந்தாலே போதும்.

அடுத்தது, என் கணக்கில் இதுதான் பெரிய தவறு: காய் விழுந்த இடத்தையே தப்பு நடந்த இடம் என்று நினைப்பது. ஒரு பழைய பொறியை எடுத்துக்கொள்வோம், 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஆடிய லெகால் என்பவர் பெயரில் இருக்கிறது, பள்ளிப் போட்டிகளில் இன்றும் விழுகிறது. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை.) வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, சிப்பாய் டி6. பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4. குதிரை சி3, கறுப்பு சிப்பாய் ஜி6. இப்போது வெள்ளை எஃப்3 குதிரையாலேயே இ5 சிப்பாயை வெட்டுகிறது. ராணி சும்மா கிடைக்கிறதே என்று கறுப்பு பிஷப் ராணியை வெட்டும். பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா இ7, குதிரை டி5. மேட்!

மாட்டியவரைக் கேட்டால் "ராணிக்கு ஆசைப்பட்டுட்டேன்" என்பார். சரி, ஆசைப்படாமல் ராணியை விட்டுவிட்டு குதிரையை வெட்டியிருந்தால்? வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்துக்கொண்டு போகும், ஒரு சிப்பாய் நஷ்டம் நஷ்டம்தான். அப்படியென்றால் தப்பு அதற்கு முந்தைய மூவில், அந்த ஜி6-ல் இருக்கிறது. அங்கே குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்திருந்தால் ஜி4 பிஷப்புக்கும் துணை, டி5 கட்டத்துக்கும் காவல், பொறியே வேலை செய்யாது. இன்னும் தோண்டினால் அடியில் ஒரு நினைப்பு கிடக்கும்: "குதிரையைப் பின் பண்ணியாச்சு, இனி அது நகராது." நகர்ந்தால் பின்னால் நிற்கும் பெரிய காய் அடிபடும்படி ஒரு காயைக் கட்டிப்போடுவதுதான் பின். ராஜாவுக்கு முன்னால் பின் ஆன குதிரை நகரவே முடியாது. ராணிக்கு முன்னால் பின் ஆனது நகரலாம், விலை கொடுக்கத் தயாராக இருந்தால். நோட்டில் எழுத வேண்டியது இந்த நினைப்பைத்தான், ராணிக்கு ஆசைப்பட்ட கதையை எழுதி என்ன ஆகப்போகிறது.

இதோடு ஒட்டியதுதான் "கவனக்குறைவு" என்ற பதில். மாவட்டப் போட்டி நடக்கிற பள்ளிக்கூடத்து மரத்தடியில் காத்திருக்கும் அப்பா, "ஏன்டா ராணிய விட்ட?" என்பார், பையன் "கவனிக்கலப்பா" என்பான், பேச்சு முடிந்தது. எதை கவனிக்கவில்லை? எதிராளி கடைசியாக வைத்த மூவ் எதை மிரட்டுகிறது என்று பார்க்கவே இல்லையா, பார்த்தும் ஒரு மூவ் முன்னாலேயே கணக்கை நிறுத்திவிட்டானா, கடிகாரத்தில் நேரம் இல்லையா, இல்லை ஜெயித்தாச்சு என்ற தெனாவட்டா? ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. நேரம் போதாமல் தோற்றவனை உட்கார வைத்து நூறு புதிர் போடச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

காய்களை வெட்டிக் குறைத்துவிட்டால் டிரா ஆகிவிடும் என்ற நம்பிக்கையையும் தனியாகப் பாருங்கள், அலசும்போது யாரும் இதைத் தப்பாகவே குறிப்பதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம், அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனும் நம் குகேஷும் 6.5 புள்ளியில் சமம். டிங் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். 55ஆவது மூவில் யானையை எஃப்2-ல் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் யானையை வெட்டி, அப்புறம் பிஷப்பை டி5-ல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருந்தது, தப்பிக்க வழியில்லை, அதுவும் மாறியே ஆக வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் பல நேரம் ஆட்டமே முடிந்த மாதிரி. 58ஆவது மூவோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உங்கள் ஆட்டத்தில் நீங்களாக முன்வந்து மாற்றிக்கொண்ட காய்களை வட்டம் போட்டு, மாற்றியபின் யாருக்கு லாபம் என்று பார்த்தால் நிறையப் பேருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

ஒரு தோல்விக்கு ஓப்பனிங்கையே (ஆட்டத்தைத் தொடங்கும் முறையை) மாற்றுவது, மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டங்களை மணிக்கணக்கில் அலசுவது, இதெல்லாம் நேர விரயம், விட்டுவிடுங்கள்.

உங்கள் வேலை முடிந்தபின் எஞ்சினைத் திறக்கலாம். லிசெஸ் என்ற செஸ் இணையதளம் இலவசம், அதில் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது. நீங்கள் சறுக்கிய நிலையைக் காட்டி, விடையைச் சொல்லாமல், வேறு நல்ல மூவை உங்களையே தேடச் சொல்லும். ஜெயித்த ஆட்டங்களையும் இதில் போடுங்கள், எதிராளி கண்ணில் படாமல் போன உங்கள் ஓட்டைகள் அங்கேதான் வரிசையாக வரும்.