ரோட்டுல பள்ளம் தோண்டிருக்காங்களா? நடந்து போறவங்க முதல்ல இதைப் படிங்க

மஞ்சள் கருப்பு ரிப்பன் கட்டியிருந்தா அதைத் தடுப்புன்னு நம்பிடுறோம். அது தடுப்பே கிடையாது. சாய்ஞ்சா அறுந்துடும், கண்ணு தெரியாதவங்க குச்சி வச்சுத் தடவினா குச்சி ரிப்பனுக்கு அடியில நேரா பள்ளத்துக்குள்ள போயிடும். அமெரிக்காவுல ரோடு வேலைக்கு வச்சிருக்கிற எம்யூடிசிடி கையேடு, நடக்கிறவங்களுக்கு வழி காட்ட ரிப்பன், கயிறு, பிளாஸ்டிக் செயின் இதெல்லாம் பயன்படுத்தக்கூடாதுன்னே சொல்லுது. பிரிட்டன் விதிப்படி கெட்டியான கைப்பிடி 1 மீட்டர்ல இருந்து 1.2 மீட்டர் உயரத்துல இருக்கணும், கீழ குச்சி தட்டுற மாதிரி ஒரு பலகை இருக்கணும், நடக்க 1.5 மீட்டர் அகலம், இடமே இல்லன்னா 1 மீட்டராவது விடணும். இந்த அளவை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி கேஸ்னு வந்தா 'என்ன செஞ்சிருக்கணும், என்ன செய்யல'ன்னு காட்ட இது மாதிரி விதிதான் கை கொடுக்கும்.

சரி, நடக்கிறது எப்படி. பள்ளத்து ஓரத்துல கால் வைக்காதீங்க. ஒரு கன மீட்டர் மண்ணு சுமாரா ஒன்றரை டன் கனம், தோண்டின மண்ணை ஓரத்துலயே குவிச்சு வச்சிருந்தா அந்தப் பாரத்துல விளிம்பு எப்ப வேணா சரியும். சில இடத்துல அடியில மண்ணு உதிர்ந்து போய் மேல ஸ்லாப் மட்டும் அந்தரத்துல நிக்கும், பார்க்க முழுசா இருக்கும். மழை பெஞ்சு தண்ணி நின்னா அது ரெண்டு இஞ்ச் ஆழமா இடுப்பளவு ஆழமான்னு யாருக்கும் தெரியாது, சுத்திப் போங்க. மேல போட்டிருக்கிற இரும்புத் தகடு நனைஞ்சா வழுக்கும்.

ஜேசிபி, பொக்லைன் பக்கத்துல போறப்ப எல்லாரும் முன்னாடி பக்கெட்டையே பார்த்துட்டு இருப்போம், ஆனா பொக்லைன் மேல்பாகம் சுத்தும்போது பின்பக்கம் கனமா இருக்கே அது வந்து அடிச்சிடும், சுவருக்கும் அதுக்கும் நடுவுல மட்டும் நுழையாதீங்க. ரிவர்ஸ் எடுக்கிற லாரின்னா டிரைவர் முகம் கண்ணாடியில உங்களுக்குத் தெரியுதான்னு பாருங்க, தெரியலன்னா அவருக்கும் நீங்க தெரியல. நடைபாதையை முழுசா மறிச்சு ரோட்டுல இறங்கித்தான் ஆகணும்னா எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி நடங்க, ராத்திரின்னா போன் டார்ச்சைப் போட்டுக்கோங்க.

இப்ப விழுந்துட்டீங்கன்னு வைங்க. இங்கதான் நான் ஏமாந்தேன். ஒரு ராத்திரி லைட் இல்லாத ரோட்டுல முழங்கால் வரைக்கும் குழிக்குள்ள போயிட்டேன், வலியில வீட்டுக்குப் போனா போதும்னு கிளம்பிட்டேன், மறுநாள் மத்தியானம் போட்டோ எடுக்கலாம்னு போனா அங்க புதுத் தார் மினுங்குது, சூடு கூட ஆறல. குழியே இல்லாத குழிக்கு நான் என்னத்தை நிரூபிக்கிறது. அதனால அடி தாங்கக்கூடிய அளவுன்னா முதல் பத்து நிமிஷத்துலயே போட்டோ எடுங்க, இல்லன்னா கூட இருக்கிறவங்ககிட்ட போனைக் கொடுங்க. கிட்ட ஒண்ணு, ஆழம் தெரிய உள்ளே குச்சியோ செருப்போ வச்சு ஒண்ணு, இருபது அடி தள்ளி நின்னு ஒண்ணு (போர்டு, விளக்கு, தடுப்பு எதுவும் இல்லைங்கிறது தெரியணும்), அப்புறம் கான்ட்ராக்டர் பேர் இருக்கிற பலகை. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா எடுத்த நேரம், இடம் பத்தின விவரம் போயிடும், ஒரிஜினலை அழிக்காதீங்க. பார்த்தவங்க நம்பரை வாங்குங்க. பக்கத்துக் கடை கேமரால பதிஞ்சிருந்தா அன்னைக்கே கேளுங்க, பழைய பதிவு மேல புதுசு ஏறிடும். டாக்டர்கிட்ட 'கீழ விழுந்தேன்'னு மட்டும் சொல்லாம 'ரோடு வேலைக்குத் தோண்டின குழியில விழுந்தேன்'னு சொல்லி சீட்டுல எழுத வைங்க.

யார் பொறுப்பு? ரோடு ஒருத்தரோடது, தோண்டச் சொன்னது குடிநீர் இல்ல கேபிள் ஆளுங்க, தோண்டினது சப் கான்ட்ராக்டர், மூணு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவாங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, மூணு பேருக்கும் எழுதுங்க. இந்தியாவுல மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல சேர்த்த 198ஏ பிரிவுப்படி, ரோடு பாதுகாப்பு விதியை மீறி அதனால சாவோ ஊனமோ வந்தா கான்ட்ராக்டருக்கும் அதிகாரிக்கும் 1 லட்சம் வரை அபராதம் உண்டு, ஆனா அந்தப் பணம் விபத்து நிதிக்குப் போகும், உங்க கைக்கு இல்ல. நஷ்ட ஈடு தனியா கேட்கணும்.

எதிர்த் தரப்பு முதல்ல சொல்றது 'பார்த்து நடந்திருக்கணும்'. 1956ல லண்டன்ல நடைபாதையில பள்ளம் தோண்டினவங்க தடுப்புக்குப் பதிலா ஒரு நீளக் கைப்பிடி சுத்தியலைக் குறுக்கே சாய்ச்சு வச்சிட்டாங்க, கண்ணு தெரியாத ஒருத்தர் அதுல தடுக்கி விழுந்து காது கேட்காமப் போச்சு, கீழ் கோர்ட்டுல தோத்து, கடைசியா 1964ல, அப்ப பிரிட்டனோட உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னுச்சு. பார்வை இல்லாதவங்களும் அந்த வழியா நடப்பாங்கன்னு யோசிச்சுத்தான் தடுப்பு வைக்கணும்னு. ஆனா போனைப் பார்த்துட்டே போய் விழுந்தா கதை வேற. பல நாட்டுல உங்க தப்பு 30 சதவீதம்னா 100 ரூபாய்க்கு 70 தான் வரும், அமெரிக்காவுல மேரிலாண்ட், விர்ஜினியா மாதிரி சில மாநிலத்துல உங்க தப்பு கொஞ்சம் இருந்தாலே பொதுவா ஒண்ணும் கிடைக்காது. அதனால அந்த இடத்துல நின்னு 'என் தப்புதான் விடுங்க'ன்னு வாய் விடாதீங்க, ஆஸ்பத்திரி செலவுக்குன்னு காசு நீட்டி 'இனி எதுவும் கேட்க மாட்டேன்'னு பேப்பர் கொடுத்தா கையெழுத்துப் போடாதீங்க.

கெடுவை மட்டும் விட்டுடாதீங்க. இங்கிலாந்துல கேஸ் போட 3 வருஷம், ஆனா கலிஃபோர்னியாவுல அரசு அமைப்புன்னா 6 மாசத்துக்குள்ள கிளைம் கொடுக்கணும், நியூயார்க் மாநகராட்சிக்கு 90 நாள்தான். உங்க ஊர்ல எவ்வளவுன்னு முதல் வாரமே வக்கீல்கிட்ட கேட்டுடுங்க.

நீங்க விழலன்னாலும் குழியைப் பார்த்தா கம்ப்ளைன்ட் எழுதிப் போடுங்க. நியூயார்க்ல முன்னாடியே எழுத்துல தகவல் போயிருந்தாத்தான் மாநகராட்சி மேல கேஸ் நிக்கும்னு சட்டம் வந்ததும் வக்கீல்கள் சேர்ந்து 1982ல ஒரு அமைப்பே ஆரம்பிச்சு, ஆள் விட்டுத் தெருத் தெருவா குழியைக் குறிச்சு மேப் போட்டு மாநகராட்சிக்கே அனுப்பினாங்க, 'எங்களுக்குத் தெரியாது'ன்னு சொல்ல வழியில்லாம. உங்களுக்கு மேப் எல்லாம் வேண்டாம், கம்ப்ளைன்ட் நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சாப் போதும், அடுத்த வாரம் அதே குழியில யாராவது விழுந்தா அவங்களுக்கு அனுப்புங்க.