பத்மினியை இறக்குமுன் உப்பு மூட்டை ஏற்றுங்கள்

பழைய பிரீமியர் பத்மினி காரின் உயரத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்க ஆசை வந்துவிட்டால் முதலில் ஸ்பிரிங் வாங்கப் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த அளவு 30 மில்லிமீட்டர் பக்கத்தில் குறையும் வரை, ஐந்து ஆள் எடையைத் தாண்டாமல், சீட்டிலும் டிக்கியிலும் உப்பு மூட்டையோ அரிசி மூட்டையோ ஏற்றி, தினமும் போகிற வழியில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் ஊருக்குள் இருக்கிற வேகத்தடைகள், பாம்பன் பாலத்து ஜாயிண்டுகள், காற்றடித்தால் தனுஷ்கோடி ரோட்டில் ஏறிக் கிடக்கிற மணல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இறக்கலாம் என்று பதில் சொல்லிவிடும். விதிப்படி போட்ட வட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் தெருவில் இருப்பதை நீங்களே அளந்து பாருங்கள். நான் மூட்டையோடு போனபோது சைலன்சர் மூன்று இடத்தில் உரசியது. 50 மில்லிமீட்டர் இறக்கக் கேட்டிருந்தவன் 25-க்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

இங்கே சொல்வது பிரீமியர் பத்மினிக்கு. முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கிற மேல், கீழ் ஆர்ம்கள்), காயில் ஸ்பிரிங் என்கிற சுருள்வில். பின்னால் கமான் பட்டை, அதாவது வளைந்த பட்டை ஸ்பிரிங். அம்பாசடர் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தில் காயிலைத் தேட வேண்டாம், அதில் டார்ஷன் பார் (முறுக்கிச் சுமை தாங்கும் கம்பி).

முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நுனியில் உட்காரவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங்கில் குறைக்கிற உயரம் சக்கரத்தில் பெருகித் தெரியும். சரிபாதியில் உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங்கில் 25 மி.மீ. குறைத்தாலே வண்டி 50 மி.மீ. இறங்கிவிடும். ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து ஸ்பிரிங் மையம் வரைக்கும், சக்கரம் வரைக்கும் அளந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் பட்டறையில் அளவு கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் சுற்றித் தருபவர் கம்பித் தடிமன், உள்விட்டம், எத்தனை சுற்று, சும்மா நிற்கும்போது உயரம் என்று நான்கையும் கேட்பார். குட்டையான ஸ்பிரிங்குக்கு ஆட இடம் குறைவு என்பதால் அது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் "ஒரு எம்எம் தடியாப் போட்டுக்கலாம்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் தலையாட்டாதீர்கள். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால் மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தாலும் கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடுதல் விறைப்பு; இடுப்பு தாங்காது.

பழைய ஸ்பிரிங்கையே கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். எஃகின் பதம் போய்விடும், பிறகு எப்போது உட்காரும், எப்போது ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். உப்புக்காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டியில் போல்ட்டு கழல்வதைவிட ஒடிவதுதான் அதிகம். எனக்கு ஷாக் அப்சார்பர் போல்ட்டு ஒன்று பாதியில் முறிந்து, ராமநாதபுரம் போய் வேறு வாங்கி வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்ட் ஆகாது, அது சொல்லாமல் நொறுங்கும். சக்கரம், ஷாக் அப்சார்பர், இரு பக்கமும் ஆன்ட்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கிற கம்பி) பிடிப்பு மூன்றையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். இனிமேல்தான் ஆபத்து. அமுங்கி நிற்கிற அந்த ஸ்பிரிங்குக்குள் அந்த மூலை தாங்கும் எடையைவிட அதிக விசை இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற, உள்ளே நுழைகிற வகை ஸ்பிரிங் கம்ப்ரசரைப் போட்டு இறுக்கி, ஸ்பிரிங்கைச் சேசிஸோடு ஒரு சங்கிலியாலும் கட்டிவிட்டு, முகத்தை நேரே வைக்காமல் ஆர்மை விடுவித்து, ஜாக்கியை அரை அரைத் திருகலாக இறக்குங்கள். எனக்குக் கூட நின்ற மெக்கானிக் அண்ணன் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தாலே திட்டினார்: "தம்பி, வாயை மூடிட்டு ஜாக்கியைப் பாரு."

புது ஸ்பிரிங்கின் நுனி, அதற்கென்று இருக்கிற பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும், ரப்பர் இருக்கை நைந்திருந்தால் புதிது. ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம். மாட்டும்போது சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இப்போது கையிறுக்கமாக மட்டும் விட்டுவிடுங்கள். வண்டி சக்கரத்தில் நின்று, இரண்டு முறை அமுக்கி விட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்து, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாளில் கிழியும். அதிகம் பேர் தவறுகிற இடம் இதுதான்.

பின்னால் சுலபம். அச்சு பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்தால் வண்டி அந்த அளவு இறங்கும். சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் உட்கார வேண்டும், நீளம் கூடிய புது யூ போல்ட்டு வேண்டும். மரக்கட்டை வைத்த வண்டியும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டையும் பார்த்துவிடுங்கள், கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கிற அளவு) கட்டாயம் மாறியிருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கி, இரண்டு வாரம் கழித்து பழைய தாளை எடுத்து அளந்து பாருங்கள். புது ஸ்பிரிங் இன்னும் சில மில்லிமீட்டர் உட்காரும். தனுஷ்கோடி தாண்டிக் கடலோர அரிச்சல்முனை போய் வந்தால் அன்றைக்கே அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். ஸ்பிரிங்கில் பெயின்ட் பெயர்ந்த புள்ளியில் உப்பு உட்கார்ந்து குழி விழுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பெயர்ந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் வைத்து, பெயின்ட் பூசிவிடுங்கள்.