நாற்பது பேர், ஒரு பந்து: பி.டி. வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பி.பி.எட். என்கிற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு படிக்கிற நாலைந்து பேர் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வருவார்கள். பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. வகுப்பில் பாதி தமிழ் பேசும், மீதி கன்னடமும் உருதும். கிரவுண்ட் ஓரமாக நின்று பயிற்சி ஆசிரியர்கள் வகுப்பெடுப்பதைப் பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததையே செய்கிறார்கள். அதே விசில், அதே வரிசை, சில நாள் அதே திட்டு.

வார்ம் அப் இல்லாமல் ஓடவிடக் கூடாது, ஷூ லேஸைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

உட்கார வைக்கும் விளையாட்டு

இந்த முறை வந்த தம்பி ஒருவர் எட்டாம் வகுப்புக்குக் கோ-கோ வைத்தார். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வென்றதிலிருந்து பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். துரத்துவது ஒருவர். தப்பி ஓடுவது மூன்று பேர். வகுப்பில் நாற்பது பேர். எந்த நிமிடத்தில் பார்த்தாலும் நாலு பேர் ஓடுகிறார்கள், எட்டுப் பேர் குந்தியிருக்கிறார்கள், இருபத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அன்றைக்கு அதிகம் வியர்த்தது தம்பிக்குத்தான்.

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஏனென்றால் மூன்று வருடம் நானும் இதைத்தான் செய்தேன்.

அப்போது வேறொரு பள்ளியில் இருந்தேன். கிரவுண்ட் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும், ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பந்து. அதனால் வாரம் இரண்டு பீரியடும் டாட்ஜ் பால். வட்டத்துக்குள்ளே எல்லோரும் நிற்க வேண்டியது, பந்து பட்டால் அவுட், அவுட் ஆனவர் மரத்தடிக்குப் போக வேண்டியது. சுலபமான ஏற்பாடு. சத்தம் குறைவு, அடிபடுவது குறைவு, ஹெச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வகுப்பு ஒழுங்காக நடக்கிற மாதிரி இருக்கும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். முதல் நிமிடத்திலேயே அவுட் ஆகிவிடுவாள். நானும் முதலில் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் கவனித்தேன்: பந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி உருண்டு போனது, அவள் காலை நீட்டிப் பந்தில் வைத்துவிட்டு, "நான் அவுட் சார்" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள். மரத்தடியில் உட்கார்ந்து, கீழே விழுந்து கிடந்த காய்களை உடைத்து உள்ளே இருக்கும் பிசுபிசுப்பை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருட ரிப்போர்ட் கார்டில் உடற்கல்விக்கு நேராக, 'ஆர்வம் இல்லை' என்று என் கையால் எழுதினேன்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டார். "என்ன சார் இப்படி எழுதிருக்கீங்க? வீட்டுல இருட்டுற வரைக்கும் தெருவுல ஸ்கிப்பிங் ஆடுறா. இருநூறு வரைக்கும் எண்ணுவா. நான் கத்துனாதான் உள்ள வருவா."

அடுத்த வாரம் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டேன். பீரியட் நாற்பது நிமிடம். வகுப்பிலிருந்து இறங்கி வரிசை கட்டி அட்டெண்டன்ஸ் முடிய எட்டு நிமிடம் போனது. கைகால் நீட்டி மடக்குவது ஐந்து நிமிடம். மீதி நேரத்தில் நன்றாக ஆடும் ஒரு பையனையும் இந்தப் பெண்ணையும் மட்டும் பார்த்துக் குறித்தேன். அவன் ஓடியது பதினேழு நிமிடம். அவள் ஓடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவு உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. என் வகுப்பு அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். அதுவும் ஏற்கெனவே தெருவில் ஓடுகிறவளுக்கு. தெருவே இல்லாமல் மூன்றாவது மாடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நிமிடம்தான் மொத்தமும்.

இதில் இரண்டு நஷ்டம். ஒன்று, யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்தான் முதலில் அவுட் ஆகி உட்காருகிறார். இன்னொன்று மனசு சம்பந்தப்பட்டது. வாரம் இரண்டு முறை எல்லோர் முன்னாலும் 'நீ வெளியே போ' என்று கேட்கிற பிள்ளை, 'எனக்கும் விளையாட்டுக்கும் ஒத்துவராது' என்று முடிவு கட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் பரீட்சை பயம், தூக்கமின்மை என்று வரும்போது, கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வந்தால் தலை லேசாகும் என்பதே அதற்குத் தோன்றாது.

சரி, என்ன செய்வது? கிரவுண்டைச் சுண்ணாம்புத் தூளால் ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலுக்கு நாலு. அவுட் ஆனால் உட்காரக் கூடாது, அடுத்த கட்டத்துக்கு ஓடிப்போய் அங்கே சேர்ந்துகொள்ள வேண்டும். பந்து இல்லை என்பது சாக்கு. பழைய சாக்ஸுக்குள் துணியைத் திணித்துத் தைத்தால் பந்து. மேலே பட்டாலும் வலிக்காது. இங்கே லகோரி என்று சொல்கிற ஏழு கல்லுக்கு அது போதும், உடைந்த ஓட்டுத் துண்டுகள் ஏழு கிடைத்தால் ஆட்டம் ரெடி.

"அவுட் இல்லன்னா கேம் எப்படி சார் முடியும்?" என்று தம்பி கேட்டார்.

விசில் அடிச்சா முடியும்பா.

ஓடவிட்டுத் தண்டிப்பது

ஹோம்வொர்க் எழுதாதவனை ஐந்து ரவுண்டு ஓடச் சொல்வது, பேசினவளைத் தோப்புக்கரணம் போடச் சொல்வது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். திங்கள்கிழமை தண்டனையாக ஓடவைத்த அதே ஐந்து ரவுண்டை, புதன்கிழமை "உடம்புக்கு நல்லது, ஓடு" என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

எடையைச் சத்தமாகப் படிப்பது

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடற்தகுதிச் சோதனையில் உயரம், எடை, 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் உண்டு. எடை மிஷின் மேல் ஏறின பிள்ளையின் எண்ணை, எழுதிக்கொள்கிற லீடருக்குக் கேட்க வேண்டுமென்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த எண் பட்டப்பெயராகிவிடும். மிஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். நீங்களே பார்த்து நீங்களே எழுதுங்கள். 600 மீட்டரில் கடைசியாக வருகிறவர் வந்து சேரும்வரை மற்றவர்களைக் கைகட்டி நிற்க வைக்காதீர்கள்.

கேப்டன்களை விட்டு ஆள் பிரிப்பது

வேண்டாம். கடைசியாக மிஞ்சுவது யார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

பீரியடைத் தாரை வார்ப்பது

"சார், போர்ஷன் முடியல, உங்க பீரியட் மட்டும் இன்னைக்கு..." கணக்கு டீச்சர் நல்லவர்தான், டிபனில் எனக்கும் பங்கு வைப்பார். ஒருமுறை கொடுத்தால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கிரவுண்ட் காலி. 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்குத் தினமும் ஒரு பீரியட் விளையாட்டுக்கு வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2018லேயே சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவதே அந்த மூன்று மாதத்தில்தான். நான் இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன்: "எடுத்துக்கோங்க மேடம், அடுத்த வாரம் உங்க பீரியட் ஒண்ணு எனக்கு." இதுவரை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மாதவிடாய் நாளில் காரணம் கேட்பது

கேட்காதீர்கள். "இன்னைக்கு முடியல சார்" போதும்.

டீமை மட்டும் பார்ப்பது

இது எங்கள் ஏரியாவின் வியாதி. அல்சூரை ஒட்டியிருக்கும் கௌதமபுரத்தில் அம்பேத்கர் சிலையோடு பீலேவுக்கும் சிலை உண்டு. அவ்வளவு ஃபுட்பால் பைத்தியம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு நடந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கோல் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி 2-1 என்று தோற்ற ஆட்டம் அது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நானும் பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவர்களை மறந்திருக்கிறேன். மேட்ச் பிராக்டீஸ் பள்ளி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். பீரியட் அந்தப் பதினொரு பேரோடு மீதி இருபத்தொன்பது பேருக்கும் சேர்த்துத்தான்.

மழை வந்தால் படிக்கச் சொல்வது

பெங்களூரில் மே மாதத்திலிருந்தே மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். போன வாரம் கொட்டியது. தம்பி பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்து, "சைலண்டா படிங்க" என்று சொல்லப் போனார். நான் வராந்தாவைக் காட்டினேன். தரையில் டேப் ஒட்டி எட்டுப் பாண்டிக் கட்டம் போட்டோம், ஒரு கட்டத்துக்கு ஐந்து பேர். பத்து நிமிடத்தில் மாடி வகுப்பு டீச்சர் இறங்கி வந்து சத்தம் தாங்கவில்லை என்றார். தாங்கவில்லைதான்.