செல்லோ ஏன் வில்லைக் கீழே வைக்கவில்லை? மியூஸ்ஸ்கோர் 4 பிளேபேக் வழிகாட்டி

2024 ஆகஸ்டில், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்ததும் வேறு மென்பொருள் தேடிக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். அதன் தயாரிப்பாளர்கள் டொரிகோ என்ற மென்பொருளைக் கைகாட்டினார்கள். நான் மியூஸ்ஸ்கோர் 4 பக்கம் வந்தேன். இலவசம், மூலநிரலும் திறந்தது. சுரங்களை உள்ளிடுவது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. எழுதியதைக் கணினியே வாசித்துக் காட்டும் பிளேபேக்தான் படுத்தி எடுத்தது. நான்கைந்து மாலைகள் போனபிறகு புரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். ஸ்கோர் திறப்பது, சுரம் போடுவது, சேமிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஹெட்ஃபோன்

கம்பி உள்ள ஹெட்ஃபோன் போடுங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். திரையில் ஓடும் கோடு ஒரு சுரத்தில் இருக்க, காது முந்தைய சுரத்தில் இருக்கும். அதைச் சரிசெய்ய எந்த அமைப்பைத் திருகினாலும் பெரிதாகப் பயனில்லை.

அடுத்து, எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் ஆடியோ பகுதி. (மேக்கில் பிரிஃபரன்ஸஸ் மென்பொருளின் பெயரிலுள்ள மெனுவில் இருக்கும்.) ஒலி சரியான கருவிக்குப் போகிறதா என்று பாருங்கள். இடையிடையே படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்டால் பஃபர் அளவை (ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்பதை) கூட்டுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 512 என்பது சுமார் 12 மில்லிவிநாடி, 1024 என்பது சுமார் 23. மிடி கீபோர்டில் நேரடியாக வாசித்து உள்ளிடாதவர்களுக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. தயங்காமல் 1024 வையுங்கள்.

மிக்ஸர்

எஃப்10 அழுத்தினால் மிக்ஸர் வரும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பட்டை, கடைசியில் மொத்த ஒலிக்கான மாஸ்டர். பட்டையில் வால்யூம், இடவலப் பிரிப்பு, மியூட், சோலோ எல்லாம் இருக்கின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது சவுண்ட் என்ற வரிசை. அந்த வாத்தியத்துக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அதுதான் சொல்கிறது. தொடக்கத்தில் எம்எஸ் பேசிக் என்று இருக்கும். மென்பொருளோடு கூடவே வரும் ஒலித்தொகுப்பு அது. மியூஸ் சவுண்ட்ஸ் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு வேண்டுமென்றால் மியூஸ் ஹப் என்ற செயலி வழியாகத் தனியாக இறக்க வேண்டும். ஜிகாபைட் கணக்கில் போகும்.

இறக்கிவிட்டால் மட்டும் உங்கள் பழைய ஸ்கோர் மாறிவிடாது. மிக்ஸரில் அந்த வரிசையைச் சொடுக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நீங்களே புதிய ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

மாஸ்டர் மீட்டர் சிவப்பைத் தொட்டால் மாஸ்டரை மட்டும் குறைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்த வாத்தியம் கத்துகிறது என்று சோலோ போட்டுக் கண்டுபிடித்து அதைக் குறையுங்கள். அப்போதுதான் மற்றவை கேட்கும்.

நான் சறுக்கிய இடம்

வயலினும் செல்லோவும் சேர்ந்த சின்ன இசைத்துண்டு. ஒன்பதாம் அளவில் (பாரில்) செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்ட வேண்டும். கண்ட்ரோலும் டியும் (T) அழுத்தி, விரலால் மீட்டச் சொல்லும் பிட்ஸிகாட்டோவின் சுருக்கத்தைத் தட்டச்சு செய்தேன். தாளில் அச்சடித்த மாதிரி அழகாக வந்தது. ஸ்பேஸ்பாரை அழுத்தினால் செல்லோ விடாமல் வில்லால் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒலித்தொகுப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். மியூஸ் சவுண்ட்ஸ் முழுவதையும் இரவெல்லாம் இறக்கினேன். காலையில் அதே இழுப்பு. மிக்ஸரில் இன்னும் எம்எஸ் பேசிக்தான் இருக்கிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. ஆனால் அதையும் தாண்டி உண்மையான காரணம் வேறு.

கண்ட்ரோல், டி போட்டு எழுதுவது ஸ்டாஃப் டெக்ஸ்ட். அது வாசிப்பவரின் கண்ணுக்கான குறிப்பு. நீங்கள் எழுதிய எழுத்துகளை மென்பொருள் படித்துப் பொருள் கண்டுபிடிப்பதில்லை. அது எந்த வகைப் பொருள் என்றுதான் பார்க்கிறது. ஒலியை மாற்றுவது பிளேயிங் டெக்னிக் என்ற தனி வகை. அதைப் போடும் வழி:

பழைய எழுத்தை அழித்துவிடுங்கள். எழுத்துருவையோ பாணியையோ மாற்றினால் வகை மாறாது. மாற வேண்டிய சுரத்தைத் தேர்ந்தெடுங்கள். எஃப்9 அழுத்தி, குறிகளின் தொகுப்பான பேலட்டைத் திறந்து, டெக்ஸ்ட் பகுதியில் பிட்ஸிகாட்டோவைச் சொடுக்குங்கள். மீட்டல் முடியும் இடத்தில் அதே பகுதியிலிருந்து ஆர்கோவை (மீண்டும் வில்லால் என்ற குறியை) போடுங்கள்.

கடைசி வரியை நான் அலட்சியப்படுத்தினேன். ஆர்கோ ஏற்கெனவே தட்டச்சு செய்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டேன். விளைவு, ஒன்பதாம் அளவில் மீட்டத் தொடங்கிய செல்லோ கடைசிச் சுரம்வரை மீட்டிக்கொண்டே போனது, நீளமாக இழுக்க வேண்டிய முடிவுச் சுரம் உட்பட.

எது எந்த வகை என்று குழப்பம் வந்தால் அந்த எழுத்தைச் சொடுக்கிவிட்டுத் திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள். வகையின் பெயர் அங்கே வரும். இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தும். சாதாரண எழுத்தாகத் தட்டிய ஃபோர்டே சத்தத்தைக் கூட்டாது, தட்டிய ‘ரிட்.’ வேகத்தைக் குறைக்காது, தட்டிய ‘டி.சி.’ (D.C.) முதலுக்குத் திரும்பாது. எல்லாவற்றையும் பேலட்டிலிருந்து எடுங்கள்.

வேகம்

டெம்போ குறியே இல்லாத ஸ்கோரை மியூஸ்ஸ்கோர் நிமிடத்துக்கு 120 குவார்ட்டர் நோட் வேகத்தில் வாசிக்கும். ஆல்ட், ஷிஃப்ட், டி (T) அழுத்தினால் டெம்போ எழுத்து வரும். அதை அச்சில் காட்ட விருப்பமில்லையா? தேர்ந்தெடுத்து வி அழுத்துங்கள். தாளில் மறைந்துவிடும், வேகம் அப்படியே இருக்கும். கடைசி அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க நான் இப்படி மறைத்த குறிகளைத்தான் நம்புகிறேன். பேலட்டிலுள்ள ‘ரிட்.’ கோடும் வேலை செய்யும், ஆனால் எனக்கு அது கொஞ்சம் இயந்திரத்தனமாகப் படுகிறது.

6/8 தாளத்தில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புள்ளி வைத்த குவார்ட்டர் 80 என்று போட நினைத்து வெறும் குவார்ட்டர் 80 என்று போட்டால், உங்கள் தாள அடி நிமிடத்துக்கு 53 ஆகிவிடும். பாட்டு ஏன் தூங்கி வழிகிறது என்று யோசிப்பீர்கள்.

சத்தத்தின் ஏற்ற இறக்கம்

மிடியில் ஒரு சுரத்தின் அழுத்தம் 127 வரை போகும். மியூஸ்ஸ்கோர் மெஸோ ஃபோர்டேவுக்கு 80, ஃபோர்டேவுக்கு 96 என்று வைத்திருக்கிறது. சத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் விரியும் கிரெஷெண்டோ குறி போட்டால் இரண்டு முனையிலும் சத்த அளவுக்கான குறி போட்டுவிடுங்கள். எங்கிருந்து எதுவரை ஏற வேண்டும் என்பது அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும்.

பியானோவில் ஒரே நீண்ட சுரத்துக்குக் கீழே கிரெஷெண்டோ போட்டுவிட்டு ஒலி ஏறவில்லையே என்று கேட்காதீர்கள். உண்மையான பியானோவிலும் ஏறாது. சுத்தியல் கம்பியைத் தட்டியபிறகு ஒலி தேய்ந்துகொண்டுதான் போகும்.

பின்சேர்க்கை 1: ‘டி.சி. போட்டேன், இரண்டாம் சுற்றில் மட்டும் திருப்பல் குறிகளைத் தாண்டிப் போகிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பிழையில்லை, வாசிப்பு மரபே பெரும்பாலும் அப்படித்தான். வேண்டுமென்றால் அந்த டி.சி. குறியைத் தேர்ந்தெடுத்து, எஃப்8-இல் வரும் பிராப்பர்ட்டீஸில் பிளே ரிப்பீட்ஸைத் தேர்வுசெய்யுங்கள். மேலே பிளேபேக் பட்டையின் பல்சக்கரத்திலும் இதே பெயரில் ஒன்று இருக்கிறது. அது ஸ்கோர் முழுவதற்குமானது. முதலில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 2: ‘ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஒலியை மாற்றாது என்கிறீர்கள், எனக்கு மாற்றுகிறதே’ என்று இன்னொருவர். சரிதான். 4.3 பதிப்பில் சவுண்ட் ஃபிளாக் என்ற வசதி வந்தது. ஸ்டாஃப் டெக்ஸ்டைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் சின்னக் கொடி தெரியும். அதைச் சொடுக்கி வாசிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மிக்ஸரில் அந்த வாத்தியம் மியூஸ் சவுண்ட்ஸில் இருந்தால்தான். எம்எஸ் பேசிக்கில் கொடியைத் தேடிக் கண் பூத்துப்போனவர்கள் எஃப்10 அழுத்தி அந்த சவுண்ட் வரிசையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.