ராத்திரிப் படபடப்பு தணிந்தது இப்படித்தான்

வேலை நெருக்கடி கூடிய நாட்களில் ராத்திரி படுத்ததும் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை, மனப்பதற்றம்தான் என்றார்.

முதலில் கை வைத்தது மாலைக் காபியில். குடித்த காஃபீனில் பாதி கழியவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்தினேன். சில நாள் தலைவலி படுத்தியது, அப்புறம் விட்டது.

அதைவிடக் கைகொடுத்தது மூச்சு. வயிற்றில் கை வைத்து, 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 8 எண்ணும்வரை மெல்ல விடுவேன். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். உள்ளங்கை வியர்வை அடங்குவது நன்றாகவே தெரியும். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மொட்டை மாடியில் வெயில் பட நடப்பதும் மனச்சோர்வுக்கு நல்லது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எதிலும் ஒட்டாமல் கிடந்தால் இதோடு நிற்காதீர்கள், தயவுசெய்து. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.