பிழையை எங்கே பிடிப்பது? தரவுத்தள நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு எழுதும் நிரல்களில் நான் அஞ்சும் வரி ஒன்று உண்டு: 'வென் அதர்ஸ் தென் நல்'. எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அதற்குப் பொருள். இரவில் ஓடும் வேலை பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் எழுதிவிடுகிறார்கள். வேலை நிற்காது, ஆனால் காலையில் கணக்கு இடிக்கும். எது விடுபட்டது என்று தேடத் தடயமும் இருக்காது. பிழையை மறுபடி எழுப்பாத அதர்ஸ் பகுதியை 11ஜி பதிப்பு முதல், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே சுட்டிக்காட்டுகிறது, எச்சரிக்கை எண் 6009. அந்த வசதியைத் தயவுசெய்து இயக்கி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, லூப்புக்குள் பதிவுகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் பிழையைப் பிடிக்க ஓர் எக்செப்ஷன் பிளாக் போடுவது. 10,000 பதிவுகளில் 3 மட்டுமே பழுது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றுக்காக, நிரல் பகுதிக்கும், தரவைக் கையாளும் எஸ்க்யூஎல் பகுதிக்கும் இடையே 10,000 முறை போய்வர வேண்டியிருக்கிறது. நேரத்தைத் தின்பது இந்த அலைச்சல்தான். பதிவுகளை மொத்தமாக அனுப்பும் 'ஃபார்ஆல்' கட்டளையுடன் 'சேவ் எக்செப்ஷன்ஸ்' சேர்த்தால் நல்லவை மொத்தமாக உள்ளே போகும். பழுதானவை ஒதுங்கி நிற்கும். முடிவில் 24381 என்ற ஒரே பிழை எழும்.

அதைப் பிடித்ததும் பழுதுப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து எழுதி வைக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் பிழை எண் கழித்தல் குறி இல்லாமல் இருக்கும். அதை அப்படியே, பிழைச் செய்தியைத் தரும் 'எஸ்க்யூஎல்இஆர்ஆர்எம்' சார்புக்குக் கொடுத்தால் 'ஆரக்கிள் பிழை அல்ல' என்ற பயனற்ற பதில்தான் வரும். முன்னால் கழித்தல் குறி இட்டுக் கொடுங்கள், உண்மையான காரணம் தெரியும்.

போஸ்ட்கிரஸ் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் கதை வேறு. அங்கே எக்செப்ஷன் பகுதியுள்ள பிளாக்குக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஓர் உள் டிரான்ஸாக்ஷன் (முழுதாக நிலைக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) தொடங்குகிறது. தரவை மாற்றி வெற்றியாக முடிந்தவை, ஓர் இணைப்பில் 64 வரைதான் நினைவகத்தில் கையோடு நிற்கும். அதைத் தாண்டினால் மற்ற இணைப்புகளும் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும். உங்கள் லூப் ஊரையே மெதுவாக்கும். நகல் பதிவு வந்துவிடுமோ என்பதற்காக மட்டும் அந்த பிளாக்கைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, 9.5 பதிப்பில் வந்த 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' போதும். மற்றப் பிழைகளை அது மறைக்காது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

பிழைக் குறிப்பையும் அதே டிரான்ஸாக்ஷனில் எழுதாதீர்கள், வேலையை ரத்து செய்யும் ரோல்பேக்கில் அதுவும் அழிந்துபோகும். ஆரக்கிளில், முதன்மை வேலையைச் சாராமல் தனித்து முடியும் 'அட்டானமஸ் டிரான்ஸாக்ஷன்' கொண்ட தனிச் செயல்முறையில் எழுதிவிட்டு, பிழையை மறுபடி எழுப்புங்கள். குறிப்பைக் காப்பாற்றுவதற்காக முதன்மை நிரலில் கமிட் போட்டால், பாதி முடிந்த வேலையும் சேர்ந்து நிலைத்துவிடும். பிழைச் செய்தியோடு 'ஃபார்மேட் எரர் பேக்டிரேஸ்' தரும் வரி எண்ணையும் சேமியுங்கள். நள்ளிரவில் எழுப்பப்படும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.