ஃபிரட்டர்னிட்டிக்கு ஆள் சேர்க்கும்போது எப்படிப் பேசுவது?

அமெரிக்காவில் படித்தபோது எங்கள் ஃபிரட்டர்னிட்டியின் (கல்லூரி ஆண் மாணவர்களின் சங்கம்; பெரும்பாலும் உறுப்பினர்கள் ஒரே வீட்டில் தங்குவார்கள்) சேர்க்கைப் பொறுப்பு இரண்டு பருவம் என்னிடம் இருந்தது. முதல் பருவத்தில், வந்தவர்களிடமெல்லாம் எங்கள் வரலாற்றையும் வாங்கிய கோப்பைகளையும் சொல்லித் தீர்த்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள், பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அடுத்த பருவத்தில் கைகொடுத்தது இந்த முறைதான்.

1. ரஷ் வாரத்துக்கு, அதாவது சங்கங்கள் புதியவர்களைச் சேர்க்கும் வாரத்துக்கு, காத்திருக்காதீர்கள். உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் முன்பே பழகுங்கள். மேசை போட்டுத் துண்டறிக்கை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2. கேளுங்கள். "எங்களோடு சேருகிறாயா?" என்று தொடங்க வேண்டாம். "வகுப்பு முடிந்ததும் எங்கே போவாய்?" என்று கேட்டேன். "அறைக்குத்தான்" என்று ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகு கோப்பைகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

3. மறுநாளே தொடர்புகொள்ளுங்கள். நான் இடறியது இங்கேதான். முதலில் எல்லோருக்கும் ஒரே குழுச் செய்தி அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. பிறகு தனித்தனியாக அனுப்பினோம். ஆனால், ஒரே பையனுக்கு ஒரே மாலையில் எங்களில் மூன்று பேர் எழுதிவிட்டோம். துரத்துவதாக நினைத்தானோ என்னவோ, பதிலே இல்லை. அதன்பின் கூகுள் ஷீட்டில் மூன்று பத்திகள் போட்டேன்: பெயர், அவன் சொன்ன ஒரு விஷயம், அடுத்து யார் பேசுவது. இதற்கென்றே விற்கும் செயலிகளைவிட இதுதான் எனக்குப் பிடித்தது. செய்தி இப்படி இருக்கட்டும்: "செஸ் ஆடுவேன் என்றாயே, நாளை மாலை எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆடுகிறார்கள். வருகிறாயா?"

4. உறுப்பினர் கட்டணம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும் என்ற இரண்டையும், பிட் எனப்படும் அழைப்பைக் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிறகு கட்டணத்தைக் கேட்டு முகம் வாடிய ஒருவனை நான் மறக்கவில்லை.

பிற்சேர்க்கை: "ராகிங் இருக்குமா என்று அம்மா கேட்கிறார், என்ன சொல்வது?" என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அங்கே அதற்கு ஹேசிங் என்று பெயர். மழுப்பாதீர்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஹேசிங் விதிகளை மீறியதாகக் கண்டறியப்பட்ட மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தைச் சேர நினைக்கும் பையனோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். உங்கள் அமைப்பின் பெயர் இருந்தால், என்ன நடந்தது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.